பினாங்கிலிருந்து பினாங்குக்குக் கப்பல்

வெளிநாட்டுக் கப்பல் பயணம் போகிறோம் என்று என் அண்ணன் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்த பிறகுதான், அந்தக் கப்பல் முதலில் போய் நிற்கும் ஊர் பினாங்கு என்பது எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் குடியிருப்பதே பினாங்கில். இங்கிருந்து பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், அங்கே துறைமுகத்தில் கப்பல் ஏறினால், அது மறுநாள் காலையில் எங்களைப் பினாங்கின் ஜார்ஜ்டவுன் துறைமுகத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். அதற்கப்புறம்தான் தாய்லாந்தின் புக்கெட். அங்கிருந்து திரும்பவும் கிள்ளான். விளம்பரத்தில் வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் இருந்தன, பாதிக்குப் பாதி கழிவு விலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அண்ணன் அதற்கு மேல் படிக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். என் அண்ணன் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் கப்பல்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், ஒன்றிலும் ஏறியதில்லை. ஆனால் கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"நல்லதா போச்சு பாப்பா," என்றார் என்னிடம். "மத்தவங்க எல்லாம் எறங்கி முழிச்சிக்கிட்டு நிப்பாங்க. நமக்கு வழி தெரியும்லா."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, பாயான் பாருவில் தனியாக இருக்கிறேன். அறுபதைத் தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான். கடலைப் பார்ப்பதற்காக நான் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் கடல்தான் இருக்கிறது. அண்ணி கூப்பிட்டதால் போனேன்.

அண்ணிக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட். அதற்குப் படம் எடுத்துவிட்டு, அண்ணன் வீடு இருக்கும் ஜெலுத்தோங்குக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"கப்பல்ல சாப்பிட்டா தட்ட யாரு கழுவுவாங்க, பாப்பா?"

"அதுக்கு ஆளுங்க இருக்காங்க, அண்ணி."

"நம்ம எடுத்துட்டுப் போயி வெக்கணுமா?"

"வேணாம். அப்படியே விட்டுட்டு எந்திரிச்சி வந்துடலாம்."

இரண்டு நிறுத்தம் வரைக்கும் அண்ணி அதையே யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு, "எனக்கு எந்த ஊரும் பாக்க வேணாம்," என்றார். "நாலு நாளு அடுப்பு பக்கம் போகாம இருக்கணும். அது போதும்."

இதில் பெரிய ஆசை எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் எங்கள் குடும்பத்தை அறியாதவர்கள். புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவுக்குப் போனால், மற்றவர்கள் மெழுகுவத்தி எடுத்துவருவார்கள், அண்ணி இரண்டு பானை கோழிப் பிரட்டல் தூக்கி வருவார். கேமரன் மலைக்குப் போனபோது சோறு ஆக்குகிற பானையும் அம்மியில் அரைத்த மசாலாவும் அவர் மடியில் வந்தன. மலையில் மற்றவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தார்கள், அவர் விடுதிக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். "அண்ணி வந்தா சாப்பாட்டுக் கவல இல்லலா" என்று எல்லோரும் சொல்வார்கள். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கப்பல்காரர்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க என்னென்ன உண்டு என்று கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் வீட்டில் திட்டமிடும் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் அண்ணன் பேசுவது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன், அண்ணி தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

புக்கெட்டில் படகு பிடித்துத் தீவு பார்க்கலாம் என்று படித்தேன்.

"தீவுல இருந்து போயி இன்னொரு தீவ பாக்கணுமா?" என்றார் அண்ணன்.

கடலுக்கு நடுவில் நிற்கிற பாறைகளைப் பார்க்கலாம் என்றேன்.

"கல்லு. கல்லு பாக்க காசு."

யானைகளைக் குளிப்பாட்டலாம் என்றேன். அடுத்ததைப் படி என்று கையசைத்தார். அவருக்கு சியாம் தேசம் அத்துப்படி. கூட்டாளிகளோடு காடி ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஹாட்யாய்க்குப் பல தடவை போய், ஒவ்வொரு தடவையும் அதே கடையில் அதே புளிமிட்டாயும் உள்பனியனும் வாங்கி வந்தவர். கடைசியில் புக்கெட்டுக்கு அவர் போட்ட திட்டம் இது: இறங்குவது, ஏர்கோன் உள்ள ஒரு பேரங்காடியைக் கண்டுபிடிப்பது, அங்கே உட்காருவது, திரும்பிவிடுவது.

"பேரங்காடிக்குப் போகவா அண்ணே பாஸ்போர்ட்டு எடுத்தோம்?" என்றேன்.

"உனக்கு வெவரம் பத்தாது பாப்பா," என்றார். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அடுத்த பக்கம் பினாங்கு. ரிக்‌ஷாவில் பழைய நகரத்தைச் சுற்றலாம், மலை ரயிலில் ஏறலாம், சுவர் ஓவியங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் தினமும் திட்டிக்கொண்டே கடந்துபோகிற சந்துகளுக்கெல்லாம் ஒரு விலை போட்டிருந்தார்கள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியாக இருந்ததைப் படித்தேன்: உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கே சென்று, அவர்கள் சமைப்பதைப் பார்த்து, கூட உட்கார்ந்து உண்ணலாம்.

அண்ணன் தொடையில் தட்டினார். "அது நம்ம வீட்டுலயே இருக்குலா."

நான் முதலில் கேலி என்று நினைத்தேன். அவருக்குக் கேலி வராது என்பதை மறந்துவிட்டேன். கிள்ளானில் எங்கள் சித்தப்பா மகன் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள், மருமக்கள் என்று பெரிய கூட்டம். அவர்களும் இதே கப்பலில் வருகிறார்கள். கப்பலுக்கு முந்தின நாள் நாங்கள் அவர்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. தங்கினால் சாப்பிடுவோம். சாப்பிட்டால் திரும்பப் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது, பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறினால்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் சரிசெய்துகொள்ளலாம், இதை மீறினால் முடியாது. ஆகவே கப்பல் பினாங்கில் நிற்கும் அன்று கிள்ளான்காரர்கள் அத்தனை பேரையும் ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்கு அழைத்துவந்து, மத்தியானச் சாப்பாடு போட்டுத் திரும்பக் கப்பலில் ஏற்றுவது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். நண்டு, ஆட்டிறைச்சி, ரசம். பாசாரில் நண்டுக்காரனிடம் சொல்லிவைப்பதுவரை யோசித்துவிட்டார். யார் சமைப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை, ஏனென்றால் அது யோசிக்க வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

"அண்ணி லீவுக்குத்தானே வராங்க," என்றேன். "எல்லாரையும் வாழையிலைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கடையில போட்டா வீட்டுக்குக் கூப்பிட்டதா ஆகுமா?"

"அப்ப கேட்டரிங் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"கேட்டரிங்கா? நம்ம மானம் கப்பலேறிடும்."

அதுவாவது வெளிநாடு பார்க்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். அண்ணியைப் பார்த்தேன். அவர் நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் போனபோது, அவர் மசாலா அரைத்து டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். எனக்குப் பேசப் பிடிக்காமல், கலக்கி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கிள்ளான் வீட்டில் விருந்து தடபுடலாக நடந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் அண்ணன், "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அவர்களும் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டுவைத்தார்கள். ஒருவருக்கு நண்டில் உறைப்புத் தூக்கலாக வேண்டும், ஒரு மருமகளுக்கு உறைப்பே ஆகாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு நடுவில் பிறத்தியார் வீட்டு அடுப்படியில் என்ன கிடைக்கும் என்பதைத் தவிர அந்தக் கூட்டத்துக்கு வேறு எதிர்பார்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கப்பலில் எங்கள் மூவருக்கும் ஜன்னல் இல்லாத ஒரே அறை. அண்ணனின் ஏற்பாடு. "உள்ள தூங்கத்தானே போறோம்" என்றார். மறுநாள் காலையில் கப்பல் ஜார்ஜ்டவுனில் கட்டியபோது, அவர் மேல்தளத்தில் நின்று கிள்ளான்காரர்களுக்கு ஃபெரி துறையையும் பழைய மணிக்கூண்டையும் காட்டிக்கொண்டிருந்தார், தானே கட்டியது மாதிரி. குடையின் நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகாமல் அதைப் பார்த்துப் பின்னால் வர வேண்டுமாம். எண்ணெய்க் கடைக்குக்கூட வழி தெரிந்த சொந்த ஊரில், குடைக்கு ரிப்பன்.

நானும் அண்ணியும் பசியாறும் கூடத்தில் இருந்தோம். அண்ணி கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் குடையோடு வந்தார்.

"இன்னும் கெளம்பலையா? பாசார்ல நண்டு சொல்லி வெச்சிருக்கேன். லேட்டா போனா வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

அண்ணி கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மசாலா ஃப்ரீசர்ல இருக்கு," என்றார். "பெரிய பானை அலமாரிக்குக் கீழ. அரிசி வாளியில. போயிட்டு வாங்க."

"நீ?"

"நான் இந்த ஊருல எறங்கல."

கோபமே இல்லாத குரல். பஸ்ஸில் கண்டக்டரிடம் எந்த நிறுத்தம் என்று சொல்வதுபோல் சொன்னார். அண்ணனுக்கு விளங்கவில்லை. சாவியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"அப்ப நண்ட யாரு ஆக்குறது?"

"தெரியலங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். அத்தனை பெரிய மனிதர் ஒரு நண்டுக்கு முன்னால் வழி தெரியாமல் நின்றதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. "அதான் போட்டிருக்காங்களே அண்ணே, உள்ளூர்க் குடும்பம் சமைக்கிறத பாக்கலாம்னு," என்றேன். "நீங்களும் உள்ளூர்தானே. காட்டுங்க."

கிள்ளான்காரர்கள் லிஃப்ட் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். போகிற போக்கில் அவர்களிடம், "அவளுக்கு மயக்கம், கப்பல் ஆட்டம் ஒத்துக்கல," என்று சொல்வது எங்கள் காதில் விழுந்தது. கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது. என் முன்னால் இருந்த கிளாசில் தண்ணீர்கூட அசையவில்லை. "ஐயோ பாவம்" என்றார்கள் அவர்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பெண்ணுக்குச் சமைக்க இஷ்டமில்லாமல் போகலாம் என்பதைவிட, நின்ற கப்பலில் ஆட்டம் கண்டு மயங்கலாம் என்பது அவர்களுக்குச் சுலபமாக நம்ப முடிந்தது.

பிறகு கேள்விப்பட்டேன், அவர்கள் எல்லோரும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நின்று வயிறு முட்டச் சாப்பிட்டார்களாம். இவ்வளவு நல்ல சாப்பாடு கிள்ளானில் கிடைக்காது என்றார்களாம். குடும்ப மானம் என்று எத்தனையோ வருடமாக ஒரு மனுஷியை அடுப்புக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தார்களே, அது ஒரு கடைச் சாப்பாட்டோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்திருக்கிறது. அண்ணன் பாசாரில் வாங்கிய நண்டு வீட்டு ஃப்ரீசரில் கிடந்தது.

மத்தியானம் நானும் அண்ணியும் மட்டும் சாப்பிடப் போனோம். எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிட்டதால் கூடம் காலியாகக் கிடந்தது. சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை. மீன் கறி என்று எழுதிவைத்திருந்த ஒன்று மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான், உப்பும் இல்லை, புளியும் இல்லை. அதைச் சமைத்தவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தேன்.

அவர் சோற்றை ஊதிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து ஆவி வந்தது. அது எனக்கு ஏன் அவ்வளவு புதிதாகத் தெரிகிறது என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அண்ணன் வீட்டில் நான் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அண்ணன் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வந்தவர்கள் சாப்பிட்டு, அவர்களுக்கு மறுசோறு போட்டு, எல்லோரும் கை கழுவி எழுந்த பிறகு அண்ணி பானையில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவர் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. கரையில் ரிப்பன் குடையோடு அலைந்துகொண்டிருந்த அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் வந்த அழுகை.

அண்ணி ஒரு கவளத்தை வாயில் போட்டார். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாக்கு சுட்டுருச்சு, பாப்பா," என்றார்.

"மெதுவா சாப்பிடுங்க, அண்ணி."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.