உள்ளங்கையில் மிஞ்சிய சொட்டு

நான் கோபக்காரி என்பதற்குச் சாட்சியாக என் புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள் உண்டு. அவற்றுக்காகத்தான் வெள்ளவத்தைக் கடையொன்றில் பெப்டைட் சீரம் வாங்கினேன். "ஊசி தேவையில்லை அக்கா. சுருக்கம் விழுத்துற தசையை இது மெல்லமாத் தளர்த்தும்" என்றாள் விற்ற பெண்.

அன்று மாலை பூசிய பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் மிஞ்சியது. கழுவ மனம் வரவில்லை. பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் நெற்றியில் தேய்த்துவிட்டேன். "என்னை மாப்பிள்ளை ஆக்கப் போறீரோ?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை அவர் வாய் கொப்பளித்த தண்ணீர் வலது ஓரத்தால் வழிந்தது. வலது கண் மூட மறுத்தது. சிரிக்கப் பார்த்தார், பாதி முகம்தான் சிரித்தது. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது, "மல்லி, இக்மன் கரன்ன!" என்று ஓட்டுபவனைச் சிங்களத்தில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். உடம்பின் ஒரு பக்கத்தையே விழுத்திவிடும் பாரிசவாதமாக இருக்குமோ என்று ஒரு பயம். தசையைத் தளர்த்தும் அந்தச் சொட்டுத்தான் காரணமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

டொக்டர் புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது நெற்றியில் வழக்கமான கோடுகள் எழுந்தன. வலது பக்கம் இஸ்திரி போட்ட சட்டைபோல் கிடந்தது.

"நான்தான் டொக்டர், நேற்று என்ர சீரத்தைப் பூசினனான்" என்று அழுதுவிட்டேன்.

"அது தோலோட நிண்டுடும் அம்மா. இது முகத்து நரம்பில வந்த வீக்கம். பாரிசவாதமெண்டால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். சுருங்காததை நினைச்சு ஆறுதல்படுங்கோ. குளிசை தாறன், அநேகமாச் சரிவரும்."

அந்த 'அநேகமா'தான் என்னைத் தின்றது. காலையில் எழுந்ததும் "உயர்த்துங்கோ" என்பேன். உயர்த்துவார். வலது பக்கம் ஒன்றுமே இருக்காது. அவர் வேலைக்குப் போகவில்லை, ஞாயிறு பூசைக்கும் வரவில்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொண்டார். அதை என்னால் பார்க்கவே முடியவில்லை. என் கோபமெல்லாம் சட்டிபானைகள்மேல் போனது.

அந்த மனநிலையில் ஒருநாள் தேங்காய்ப்பால் சொதிக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். வாயில் வைத்தவர் திடுக்கிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னப்பா இது, கடல் தண்ணியோ?"

வலது புருவத்துக்கு மேல் நூல்போல் ஒரு கோடு.

"இன்னொருக்கா!" என்று கத்தினேன். விஷயம் புரியாமல், என் கத்தலுக்குப் பயந்து இன்னொரு கரண்டி குடித்தார். கோடு மறுபடி வந்தது. பயந்து பயந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். அழியவில்லை.