தலையை உதறாதே

அப்பா மிளகுத் தோட்டத்துக்குக் கீழே குட்டை வெட்டி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமலிருக்கக் கருப்பு பிளாஸ்டிக் தாள் விரித்த வருஷம் எனக்கு ஆறு வயது, தம்பிக்கு நான்கு. அந்தத் தாளில் கால் வைத்தால் பெரியவர்களே வழுக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். வேலி போடுகிறேன், வேலி போடுகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா அந்த வேலியை நம்பவில்லை. மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த தன் அண்ணனுக்குப் போன் போட்டு, எங்களுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கித் தரச் சொன்னாள்.

மாமா ஒரு நிபந்தனை போட்டார். முகத்தில் தண்ணீர் பட்டால் பதறாத பிள்ளைகளாக எங்களைக் கூட்டிவர வேண்டும். மறுநாளே வாசலில் பயிற்சி தொடங்கியது. உடுத்திய துணியோடு எங்களை நிற்கவைத்து, அம்மா தலைவழியே செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுவாள்.

"கண்ணு, தலைய உதறக் கூடாது. அழுவக் கூடாது. மூச்ச மெதுவா உடு."

பிறகு கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்து, கைகளை விரித்து வானத்தைப் பார்க்கச் சொல்வாள். தண்ணீரில் விழுந்தால் இப்படித்தான் கிடக்க வேண்டுமாம்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீச்சல் என்றால் கையையும் காலையும் அடிப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். இவளோ அசையாமல் கிட என்கிறாள். குட்டைப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று சொன்னதும் இதே வாய்தான். துணியைக் கழற்றாமல் யாராவது தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்களா?

கடைசியில் நானே ஒரு விடை கண்டுபிடித்தேன். கொஞ்ச நாள் முன்புதான் ஊர் நோம்பியில் கிடா வெட்டுவதைப் பார்த்திருந்தேன். கிடாயின் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அது நெடுநேரம் சும்மா நின்றது. உடம்பைச் சிலிர்த்து உதறியதும், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று வெட்டிவிட்டார்கள். உதறாத வரைக்கும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆக, அம்மா எங்களைக் காப்பாற்றத்தான் உதறாதே என்கிறாள். யாரிடமிருந்து என்பதுதான் தெரியவில்லை.

நான் கல்லைப்போல நின்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பிதான் ஒவ்வொரு செம்புக்கும் நாய்க்குட்டி மாதிரி உதறினான். ஊற்றும்போதெல்லாம் அவன் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு, மலைமேலிருக்கும் சோளக்காடு ஊரில் பஸ் ஏறி மலையிறங்கினோம். மழைக்காலம் முடிந்து, சுற்றுச்சுவர் இல்லாத அந்தக் கிணறு நிரம்பிக் கிடந்தது. மாமா கிணற்றுமேட்டில் காத்திருந்தார். கையில் அரிவாள். பக்கத்தில் எங்களுக்காக இறக்கிப்போட்டிருந்த இளநீர்க் குலை என் கண்ணில் படவேயில்லை.

"வாங்க சாமி, வாங்க," என்று சிரித்தபடி, தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தம்பி தலையில் தெளித்தார்.

தம்பி உதறினான்.

"அவன் உதறல மாமா! ஈ உக்காந்துச்சு மாமா!" என்று கத்தியபடி அவனை இழுத்துக்கொண்டு பின்வாங்கினேன். பின்னால் கிணறு இருந்தது.

விழுந்தது நினைவில்லை. காதுக்குள் தண்ணீர் அடைத்தது நினைவிருக்கிறது. பிறகு வானம். கைகளை விரித்து, மூச்சை மெதுவாக விட்டபடி கிடந்தேன். தம்பியும் பக்கத்தில் மல்லாந்து கிடந்து, வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். மாமா அரிவாளை வீசிவிட்டு ஓடிவருவதற்குள், புடவையோடு ஒருத்தி எங்களைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தாள். அம்மா. அவளுக்கு நீச்சல் தெரியாது.

மாமா முதலில் மீட்க வேண்டியிருந்தது அவளைத்தான். கையையும் காலையும் அடித்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவரையும் உள்ளே இழுத்தாள். எப்படியோ அவளைப் படிக்கல்லில் ஏற்றிவிட்டு, எங்களை ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்.

"அண்ணா, புள்ளைங்க... புள்ளைங்க..." என்று அம்மா இருமினாள்.

"அதுங்க நல்லாத்தான் மெதந்துட்டு இருந்துச்சுங்க. நீ எதுக்கு அம்மிணி குதிச்ச?"

சாயங்காலம் பஸ்ஸில் மலையேறும்போது எனக்கு அம்மாமேல் எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் எங்களுக்குச் சொல்லித்தந்ததில் ஒன்றைக்கூட அவள் செய்யவில்லை.

"ஏம்மா நீ மல்லாக்கப் படுக்கல? மேல நின்னு பாத்திருந்தீன்னா தெரிஞ்சிருக்குமில்ல, நாங்க சரியாத்தான் செஞ்சோம்னு?"

அம்மா, அத்தையிடம் வாங்கி உடுத்திய புடவையின் முந்தானையால், எப்போதோ காய்ந்துவிட்ட என் தலையைத் திரும்பத் திரும்பத் துவட்டிக்கொண்டே வந்தாள். தப்பாகச் செய்துவிட்ட வெட்கமாக இருக்கும் என்று நினைத்து, நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.