இறால் மீசை

2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை, காலை 6.25. இரவுத் தூறல் நின்றுவிட்டது. வானம் சாம்பல் நிறம், காற்றில்லை.

குருமண்வெளித் துறையில் நிற்கிறேன். வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். அது இன்னும் அக்கரையில் கிடக்கிறது. என் வலக்கண்ணில் புரையை அகற்றிச் சத்திரசிகிச்சை செய்து நாற்பத்தொரு நாள். கமராவை இன்றுதான் வெளியே எடுக்கிறேன். லென்ஸைக் கையால் திருப்பித் தெளிவு பிடிக்க முடியாவிட்டால் விற்றுவிடுவதென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்தில் இறால் விற்கும் பெண் தண்ணீர் நிரப்பிய நீல பேசினோடு குந்தியிருக்கிறாள். தண்ணீருக்குள் இறால்கள் உயிரோடு அசைகின்றன. முழந்தாளிட்டுக் குனிகிறேன். லென்ஸைத் திருப்புகிறேன், ஒரே கலங்கல். மறுபடியும் திருப்புகிறேன்.

"றால் பாக்கிறீங்களா, பொம்பிளை பாக்கிறீங்களா ஐயா? இவ்வளவு நேரம்!"

"கொஞ்சம் பொறு மகள். கண் சரியா எண்டு பாக்கிறன்."

"பாதை வருது. கெதியா எடுங்க, நான் ஏறிப் போயிருவன்."

எடுத்துவிட்டுத் திரையில் பெருப்பித்துப் பார்க்கிறேன். நீலத்தின் மேல் செம்மஞ்சள் மீசைகள், தலைமயிரிலும் மெல்லியவை, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. பதினேழு வரை எண்ணுகிறேன். ஒரு நுனியில் கடுகளவு குமிழிகூட இருக்கிறது.

"கண் சரியா ஐயா?"

"ஓம் மகள். ஓம்."

நான் தங்கியிருக்கும் விடுதி அறையில் அடுப்பில்லை. ஆனாலும் அரைக் கிலோ நிறுக்கச் சொல்கிறேன். விலை குறைத்துக் கேட்க மறந்தே போனேன்: தொள்ளாயிரம் ரூபாய்.