நடுவில் இல்லாத ‘வ’

கிருபாமணிக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. மலாய் நாட்டில் பாடாங் செராய் ஊரில் ஒரு கடைமாடியில் நடக்கும் அவளுடைய கிறிஸ்தவ சபையில் எல்லோருக்கும் அது தெரியும். ஜெபம் சொல்ல அவள் முறை வந்தால், பக்கத்து நாற்காலி உமாராணி எழுந்து சொல்லிவிடுவாள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள் கிருபாமணி. இப்போது கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள். வாய்தான் ஊமை. கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த ஒரே புத்தகம் வேதாகமம். அதில் இருந்தது இஸ்ரவேல். அடிமையாகச் செங்கல் அறுத்த ஜனம், வனாந்தரத்தில் அலைந்த ஜனம். தோட்டத்துச் சனத்துக்கு அது சொந்தக் கதை மாதிரி. செய்தியில் வருவதோ இஸ்ரேல். அதற்கு விமானம் உண்டு, மந்திரிகள் உண்டு, தேர்தல் உண்டு. நடுவில் ஒரு ‘வ’ மட்டும் இல்லை. போதகர் ஜெயசீலன் அந்த ‘வ’வை ஒட்டவைத்து, குண்டு போடுகிற அரசாங்கத்துக்கு வேதத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்.

அதற்கான ஏச்சு தொழிற்சாலையில் இவள் தலையில் விழுந்தது.

“என்னக்கா, உங்க ஆளுங்க ஜோரா குண்டு போடுறாங்க போல லா!” என்றான் பெட்டி ஏற்றும் சுகுமாரன்.

“எங்க ஆளா? எங்க ஆளு எல்லாம் கோலா கெத்தில் தோட்டத்துல செத்துப் புதைஞ்சாச்சு. போடா!” என்றாள்.

ஆனால் கூடவே பெட்டி அடுக்கும் மலாய் முஸ்லிம் பெண் நோராய்னியை அப்படி விரட்ட முடியவில்லை. வருஷக்கணக்காகச் சோற்றுப் பெட்டியைப் பகிர்ந்துகொண்டவள் அன்று சாப்பிடவே இல்லை. காஸாவில் செத்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு குழந்தையைக் கைப்பேசியில் காட்டி, மலாயில் மெல்லக் கேட்டாள்: “உங்க கெரேஜாவுல யாருக்காக டோவா கேக்குறீங்க, கிருபா?”

சபையில் என்ன ஜெபம் நடக்கிறது என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிறு சபைத் திரையில் ஒரு படம் ஓடியது. காஸாவில் குண்டு விழுந்து ஓர் அடுக்குமாடி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. தூசி எழும்பியது. முன்வரிசையில் ஒருவர் கை தட்டி, “அல்லேலூயா!” என்றார். கிருபாமணி கோபத்தில் வேதாகமத்தைப் படாரென்று மூடினாள்.

“இஸ்ரவேலோட ஜெயத்துக்காக ஜெபிப்போம். சிஸ்டர் கிருபாமணி முறையா? உமாராணி, நீங்க சொல்லிடுங்கம்மா,” என்றார் போதகர்.

“நானே சொல்றேன்,” என்று கிருபாமணி எழுந்தாள்.

முன்னால் போய் மைக்கைப் பிடித்தாள்.

“ஆண்டவரே, அந்தக் கட்டடத்துக்குள்ள இருந்த பிள்ளைங்களப் பாருங்க. பணயமாப் பிடிச்சிக்கிட்டுப் போன யூத வீட்டுப் பிள்ளைங்களையும் பாருங்க. கொல்லுறவன் எவனா இருந்தாலும் அவன் கைய முடக்குங்க. அதப் பாத்துக் கை தட்டுன எங்களச் சும்மா விடாதீங்க.”

பாதியில் யாரோ மைக்கை அணைத்தார்கள். தோட்டத்தில் நாலு நிரை மரத்துக்கு அப்பால் பால் வெட்டுகிறவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. மீதி ஜெபம் கீழே மளிகைக் கடைவரை கேட்டது.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

“அக்கா, வந்து உக்காருங்க லா,” என்று உமாராணி கெஞ்சினாள்.

“சிஸ்டர், ஜெபத்துல அரசியல் வேணாம்,” என்றார் போதகர்.

“கை தட்டுனது என்ன பாஸ்டர்? ஞானப்பாட்டா?”

“இனிமே உங்களுக்கு ஜெப முறை கிடையாது.”

“வேணாம். ஆனா வர்ற ஞாயித்துக்கிழமையும் வருவேன். நாற்காலிய எடுத்தா தரையில உக்காருவேன்.”

மறுநாள் சாப்பாட்டு வேளையில், நோராய்னி கேட்காமலே கிருபாமணி சொன்னாள்: “நேத்து அந்தப் பிள்ளைக்காகக் கேட்டேன். எல்லாப் பிள்ளைக்காகவும்.”

நோராய்னி இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு, “ஆமின்,” என்றாள்.

கிருபாமணிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் திரும்ப ஏறியது. ஆமென் என்ற இந்த ஒரு சொல்லைச் சொல்ல, மாடி நிறைய உட்கார்ந்திருந்த கிறிஸ்தவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே!