பெயர் சொல்லாமல் ஏறிய பாறை

கிரேக்க நாட்டில், கோஸ் தீவின் மஸ்டிகாரி துறையிலிருந்து கலிம்னோஸ் தீவுக்குக் கப்பல் காலையில் புறப்பட்டது. மெல்பேர்னிலிருந்து மூன்று விமானங்கள் மாறி வந்த களைப்பில் நான் தூங்கி வழிந்தேன். என்னவரோ கயிற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். அவருடைய சர்க்கரை வியாதிக்கு டொக்டர் நடக்கத்தான் சொன்னார். இந்த மனிதர் எங்கள் ஊர் டண்டினொங்கில், பாறையேறப் பழக்கும் ஓர் உள்ளரங்குச் சுவரில் ஏறத் தொடங்கி, என்னையும் இழுத்துவிட்டார். ஐம்பது தாண்டிய எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் உண்மையான பாறை.

பொத்தியா துறைமுகத்திலிருந்து மசூரிக்கு எட்டுக் கிலோமீற்றர், டாக்ஸி பதினெட்டு யூரோ. ஓட்டுநர் கயிற்றைப் பார்த்து, "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வழிகாட்டி எலேனி பாறையின் உச்சி வளையத்தில் கயிற்றை மாட்டிவிட்டு இறங்கினாள். ஒருவர் ஏற, மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஏறுபவர் கத்த வேண்டியது: கயிற்றை இறுக்க 'டேக்', தளர்த்த 'ஸ்லாக்'. "பக்கத்திலும் ஆட்கள் ஏறுவார்கள். முதலில் துணைவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்," என்றாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் நான் என்னவரின் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சும்மா தலையாட்டி வைத்தேன்.

முதலில் நான் ஏறினேன். பாதி உயரத்தில் பாறை வயிறுபோல் வெளியே தள்ளியிருந்தது. அதைத் தாண்டியதும் கீழே கயிறு பிடித்து நின்ற என்னவர் கண்ணிலிருந்து மறைந்தார். காற்று பலமாக அடித்தது. பக்கத்துக் கயிற்றில் ஏறிய பெண் "ஸ்லாக்!" என்று கத்தினாள். அடுத்த கணம் என் கயிறு தளர்ந்து முழங்காலருகே தொங்கியது. கை வழுக்கினால் அவ்வளவு தூரமும் விழுவேன். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பிறகு வந்தது, இருபத்தாறு வருடமாக அவரைக் கூப்பிட்டுப் பழகிய 'இங்கே பாருங்கள்':

"இஞ்சாருங்கோ! விட்டிடாதேங்கோ!"

கயிறு விறைத்தது. இடுப்புப் பட்டி என்னை மேலே தூக்கிப் பிடித்தது.

"பிடிச்சிருக்கிறன்! பயப்படாதையும்!" கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

அவர் மெல்ல இறக்கிவிட, கால் தரையில் பட்டதும் அப்பாடா என்று அப்படியே உட்கார்ந்து அழுதேன். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. என்னவர் பக்கத்தில் வந்து குந்தினார். "அந்த வெள்ளைக்காரியின்ர குரலை உம்மட எண்டு நினைச்சிட்டன்," என்றார்.

எலேனி தண்ணீர் கொடுத்துவிட்டு, "இன்று இங்கே மூன்று பீட்டர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டதற்குத் திரும்புபவர் ஒரே ஒருவர்தான். அதையே வைத்துக்கொள்ளுங்கள்," என்றாள். மீதி நான்கு நாளும் அந்தக் கூப்பாட்டிலேயே ஏறினேன், நிம்மதியாக.

திரும்பி வந்த சனிக்கிழமை டண்டினொங் சந்தை. எங்கள் தமிழ்ச் சனம் நிறைந்த கூட்டத்தில் மீன் பையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தவரை, "இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டேன்.

நாலு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னவர் மட்டும் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே காலை ஊன்றி, மீன் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.