காயாத ராஜகிரி

'பெயின்ட் ஈரம்' என்று எழுதியிருந்தால் தொட்டுப் பார்க்காமல் போனவர் நம்மில் யாராவது உண்டா? நான் போன வாரம் முழுக்க ஒரு மலையைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

நானே வரைந்த மலை. நம் செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி. ஆயில் பெயின்ட்டிங்கில் என் முதல் முயற்சி.

வரைந்து தரச் சொல்லிக் கேட்டவன் பக்கத்து வீட்டு ஜாபர். டெய்லர். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மெட்ராஸ், பம்பாய் வழியாக துபாய் போகிறான். அவன் மாடியில் நின்றால் தெரிகிற மலையைக் கையோடு கொண்டுபோக வேண்டுமாம். போட்டோ எடுத்துப் போயேன் என்றேன்.

"போட்டோவுல மலை குட்டியா பூடுதுபா" என்றான்.

அதற்கு மேல் எப்படி மறுப்பது?

பாண்டிச்சேரிக்குப் போய் ட்யூப், பிரஷ், கான்வாஸ் எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் எண்ணெய் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்... எனக்கோ செஞ்சி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். எண்ணெய்தானே? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம்! வீட்டுக்கு வந்ததும் அடுப்படி பாட்டிலைக் கவிழ்த்து, பெயின்ட்டில் கலந்துவிட்டேன்.

மலை பிரமாதமாக வந்தது. சத்தியமாக, பாறை பாறையாகவே இருந்தது. காயத்தான் இல்லை.

திங்கள் தொட்டேன், ஒட்டியது. செவ்வாய் ஆபீஸிலிருந்து மதியமே ஓடிவந்து தொட்டேன். வெயிலில் வைத்தேன். ஃபேனுக்கு அடியில் வைத்தேன் — கரன்ட் போனது. புதன்கிழமை கோட்டைமேல் எறும்பு ஏற ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் என் மனைவி காலி பாட்டிலோடு வந்தாள்.

"இதையா ஊத்துனீங்க? வடைச்சட்டி பிசுக்கே காய மாட்டேங்குது, மலை எங்கேந்து காயும்?"

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வரைய நாளும் இல்லை. ஊரைவிட்டுப் போகிறவன் ஆசையாகக் கேட்ட ஒரே பொருள்... என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஜாபர் புதுச் சட்டையில் வந்தான். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். அவனோ என்னைப் போலவே படத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தான்.

"இங்கியே இருக்கட்டும்பா. ரெண்டு வருசம் ஆவும்... நான் வர்றதுக்குள்ள காஞ்சிடும் இல்ல?"

"காஞ்சிடும்பா" என்றேன்.

பஸ் போய்விட்டது. எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. அவன் வீட்டு மிஷின் சத்தம் இல்லாமல் தெருவே ஒரு மாதிரி இருக்கிறது. இன்று காலைகூடப் படத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதே பிசுபிசுப்பு.

காயட்டும் என்று காத்திருக்காதே ஜாபர் — ஈரத்தோடேயே வந்து வாங்கிக்கொள்.