ஆயுத பூஜையன்று நின்ற பம்ப்

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் நான் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. சுத்தமான செம்புத் தகட்டின்மேல் ஒற்றை மூலக்கூறை உட்காரவைத்து, அது சுழல்கிறதா என்று ஊசிமுனைக் கருவியால் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பார்த்துவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

அப்பாவுக்குக் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. எத்தனை எச்.பி. என்று கேட்டார். விளக்கினேன், புரியவில்லை. ஆனாலும் மகளும் மோட்டார்தான் செய்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

செம்பை வைத்திருந்த எஃகுக் கலத்தில் காற்றே இருக்கக் கூடாது. அதற்காக ஒரு கிழட்டுப் பம்ப் ஓயாமல் ஓடியது. வால்வை மூடாமல் நிறுத்தினால் தன் எண்ணெயைக் கலத்துக்குள் கக்கிவிடும். அந்த வாரம்தான், பேராசிரியரின் நண்பர் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய ஒரு சிட்டிகை மூலக்கூறுத் தூள் முழுவதையும் செம்பின்மேல் படியவைத்திருந்தேன். வேறு தூள் கிடையாது. ஆராய்ச்சிக்கு எனக்குக் கொடுத்திருந்த காலமும் முடியப்போகிறது.

ஆயுத பூஜையன்று, பட்டறையில் பூஜையை முடித்துவிட்டு அப்பா பொரிகடலையோடு ஆய்வகத்துக்கு வந்தார். அவரை அங்கே விட்டு, கீழே வாட்ச்மேனுக்குப் பொரி கொடுத்துவிட்டு நான் மாடியேறி வருவதற்குள் பம்பின் சத்தம் அடங்கியிருந்தது. நின்றுபோன பம்பின்மேல் சந்தனமும் குங்குமமும். அப்பா கைகூப்பி நின்றார்.

“இன்னைக்கு எந்த மோட்டாரும் ஓடக்கூடாது அம்மணி. அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணுமல்ல.”

அவரைப் பிடித்துத் தள்ளலாம்போல ஆத்திரம் வந்தது. கலத்தின் கண்ணாடி வழியே பார்த்தேன். செம்பெல்லாம் எண்ணெய். உட்கார்ந்து அழுதேன். பம்ப் கெட்டுவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

பேராசிரியர் திட்டவில்லை, வேறு தலைப்புப் பார்க்கலாம் என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜெர்மனிக்காரரிடமும் தூள் மிச்சமில்லை. கலத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டோம்.

பம்பை அப்பா கேட்டு வாங்கிப்போனார். கையிலிருந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைப் பிரித்து, கழுவி, புதுக் காயில் கட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து ஆட்டோவில் கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டதும் புதிதுபோல ஓடியது.

“இனி உன்ற மோட்டாரு ஓடிருமல்ல அம்மணி?”

“ஓடிருமுங்கப்பா” என்றேன்.

அவர் கிளம்பவில்லை. மகளின் மோட்டார் ஓடுவதைப் பார்த்துவிட்டே போகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.